பாலத்தில் ஒருவர் நிற்க வேண்டும்

அத்தியாயம் 14

போன கிழமை சுபோதினியை நுகேகொடை வீட்டுக் குசினியில், தேங்காய் துருவியபடி அழவிட்டுவிட்டு வந்தோம். அந்த அழுகைக்கும் தேங்காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெள்ளவத்தையில் அவளுடைய தம்பி மிதுஷனும், அவனைக் கட்டி இன்னும் வருடம் திரும்பாத தாரிகாவும், புதன்கிழமை பின்னேரம் சாவகாசமாக உட்கார்ந்து 'ஓடக் கேமை' முடித்துவிட்டார்கள். செய்தி அவ்வளவுதான். அதற்குத்தான் அழுதாள்.

"நாப்பது வயசில ரீவி கேமுக்கு அழுற பொம்பிளையை இப்பத்தான் பாக்கிறன்," என்றார் கணவர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவருக்கு அந்தப் பெட்டியின் கதை தெரியாது.

தகப்பன் உயிரோடு இருந்த காலத்தில், புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த ரீவி கேம் அது. அதற்குள் செருகும் கசற்றுகள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் ஜப்பான் எழுத்து. வாசிக்கத் தெரியாததால் அக்காவும் தம்பியும் தாங்களே பெயர் வைத்தார்கள். ஓடக் கேம், வௌவால் கேம், கோட்டைக் கேம் என்று. ஒன்றையாவது முடித்தார்களா என்றால் இல்லை. அந்தக் காலத்துக் கேம்களுக்கு ஈவிரக்கம் கிடையாது. விட்ட இடத்திலிருந்து பிறகு தொடங்க வழியில்லை, செத்தால் முதலிலிருந்து. போதாக்குறைக்கு அது கரண்ட் வெட்டுக் காலம். கஷ்டப்பட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வர, வெள்ளவத்தையே இருண்டுபோகும்.

போன வருடம் அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலிருந்து இறங்கியது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் சுபோதினி மகளைப் பம்பலப்பிட்டியில் ரியூஷனுக்கு விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வருவாள். விட்டுப்போன கேம்களை அக்காவும் தம்பியும் ஒவ்வொன்றாக முடிப்பார்கள். வங்கி வேலை இல்லை, சமையல் இல்லை. அந்த இரண்டு மூன்று மணி நேரம் அவள் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மனைவி இல்லை. மிதுவின் அக்கா மட்டும்தான். அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் அவள் தள்ளினாள்.

பிறகு தாரிகா வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. வந்த முதல் மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தாள். இரண்டாம் மாதம், "நானும் ஒருக்கா பிடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். மூன்றாம் மாதம் சுபோதினியை விட நன்றாக விளையாடினாள். அதுதான் வினை.

இப்போது பெட்டியில் முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று, கோட்டைக் கேம். அதன் கடைசியில் ஒரு பாலம், பாலத்தின் அந்தக் கரையில் ஒரு பெரிய அரக்கன். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் இரத்மலானை மாமா. இரத்மலானையில் இருந்த சண்முகலிங்கம் மாமாவின் மீசையும் வயிறும் அப்படியே அச்சாக இருந்தன. சண்முகலிங்கம் மாமா நெருப்பு வளையம் எறிவதில்லை, அதுமட்டும்தான் வித்தியாசம்.

"கோட்டைக் கேமை மட்டும் நான் இல்லாமல் முடிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்," என்று சுபோதினி தம்பியிடம் சொல்லியிருந்தாள். அவனும் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

இந்தச் சனிக்கிழமை காலை, இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போது போனில் தம்பியின் குரல் மெசேஜ் ஒன்று வந்து விழுந்தது. ஒரு கையால் அழுத்திக் கேட்டாள்.

"அக்கா, நாங்கள் கோட்டையில கடைசிப் பாலத்துக்கு வந்திட்டம்..."

நாங்கள். அந்த ஒரு சொல்லோடு அவள் நிறுத்திவிட்டாள். மிச்சத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கிழமை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

மகளை நேரத்துக்கு முந்தியே ரியூஷனில் விட்டாள், கூட்டிக்கொண்டு போகிற வேலையைக் கணவரிடம் விட்டாள். ஓட்டோவில் இருந்தபடியே மனதுக்குள் தாரிகாவுக்கு ஏசிக்கொண்டு வந்ததில் ஒழுங்கை வந்ததுகூடத் தெரியவில்லை. "மல்லி, மெதன நவத்தன்ன," தம்பி, இதில் நிற்பாட்டு என்று, ஓட்டோக்காரனிடம் சிங்களத்தில் சொல்லும்போது ஓட்டோ ரயில் பாதைக்குக் கிட்டே போய்விட்டது. திரும்பி நடந்தாள்.

மூன்றாம் மாடி. அவளிடம் சொந்தச் சாவி உண்டு. திறந்துகொண்டு உள்ளே போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா சிவக்கொழுந்து குளித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பது அவருடைய வழக்கம், கெதியில் வெளியே வரமாட்டார். மிதுவும் தாரிகாவும் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். செருப்புகள் இல்லை.

ஹோலில் ரீவி கறுப்பாகக் கிடந்தது. ஆனால் கேம் பெட்டியில் அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

ரீவியைப் போட்டாள். திரையில் பாலம் தெரிந்தது. பாலத்தின் இந்தக் கரையில் இரண்டு குட்டி மனிதர்கள், நீலனும் சிவப்பனும், அசையாமல் நின்றார்கள். நீலன் சின்ன வயதிலிருந்தே சுபோதினியின் ஆள். முதலாவது கொன்ட்ரோலர் அவனுக்கு உரியது, வயர் பிய்ந்த இடத்தில் தகப்பன் கறுப்பு ரேப் சுற்றிக் கொடுத்தது. அந்தக் கொன்ட்ரோலர் இப்போது சோபாவில் ஒரு தலையணைக்கு மேல் கிடந்தது. பக்கத்தில் தாரிகாவின் கூந்தல் கிளிப்.

வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். சுபோதினிக்கு உண்மையாகவே எரிந்தது, நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரைக்கும். என்னுடைய கொன்ட்ரோலர், என்னுடைய நீலன், என்னுடைய தம்பி. எல்லாவற்றிலும் இவள் கை.

மீனோடு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, அக்கா வருவதற்குள் இரண்டு பேருமாக முடித்துவிடுவார்கள். பிறகு, "அக்கா, முடிச்சிட்டம்," என்று பல்லைக் காட்டுவார்கள். அவளுக்கு அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது.

சுவரில் பிளக் சுவிச்சுக்கு மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் ஒன்றைக் குறுக்காக ஒட்டியிருந்தார்கள். அம்மாவுக்குத்தான் அந்தக் காவல். சிவக்கொழுந்து குளிக்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் முதலில் வீட்டைச் சுற்றி வந்து சுவிச்சையெல்லாம் நிற்பாட்டிவிட்டுத்தான் போவார். ஒருமுறை பிரிட்ஜையும் நிற்பாட்டிவிட்டுக் கதிர்காமத்துக்குப் போய், திரும்பி வந்தபோது கீழ்வீட்டு மரியகொறற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்ற கதை முன்பே சொன்னேன்.

சுபோதினி பிளாஸ்ரரை உரித்தாள். சுவிச்சை நிற்பாட்டினாள்.

டக்.

பாலமும் போயிற்று, நீலனும் போனான், சிவப்பனும் போனான்.

ஏசுகிறவர்கள் ஏசலாம். நானும் ஏசினேன். ஆனால் அந்த டக் கேட்ட நொடியில் அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் எழுதாமல் விட்டால் அது பொய்க் கதையாகிவிடும். நன்றாக இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் நன்றாக இருந்தது. பிறகுதான் செய்தது உறைத்தது. விரலில் ஒட்டிய பிளாஸ்ரரை உதறினாள், அது எங்கேயோ போயிற்று. சுவிச்சைத் திரும்பப் போட்டாள், ரீவியை நிற்பாட்டினாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தாள்.

சிவக்கொழுந்து தலையில் துவாயோடு வந்து மகளைக் கண்டார். "நேரத்தோட வந்திட்டாய். சாப்பிட்டியோ?"

"ஓம், சாப்பிட்டனான்."

கொஞ்ச நேரத்தில் சந்தைக்குப் போனவர்களும் வந்துவிட்டார்கள். மிதுஷன் மீன் பையைக்கூட உள்ளே கொண்டுபோகவில்லை. அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திட்டியா? நல்லது. தாரி, மீன் பிறகு பாப்பம். அக்கா, இரு, இரு, எழும்பாதை. நீ வாறவரைக்கும் அப்பிடியே நிப்பாட்டி வச்சிருக்கிறம்."

"எதை?" என்றாள் சுபோதினி.

"பாலத்தை. நேற்றுப் பின்னேரம் வந்து சேந்தம். எனக்கெண்டால் உடன முடிக்க ஆசை. இவள்தான் விடேல்லை. அக்கா இல்லாமல் முடிக்கக்கூடாது, விடிய விடிய ஓனில இருக்கட்டும் எண்டு ஒரே பிடி. மெசேஜில சொன்னனானே, கேக்கேல்லையா?"

"கேட்டனான்," என்றாள். "அரைவாசி."

கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. ரீவியைப் போட்டுவிட்டு நின்றான். திரையில் பாலம் இல்லை. கோட்டையும் பெயரும்தான் தெரிந்தன, கேம் தொடங்கும்போது வருகிற அதே படம்.

மிதுஷன் குனிந்து கேம் பெட்டியைப் பார்த்தான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா."

"என்ன?"

"குளிக்க முன்னம் சுவிச்சை நிப்பாட்டினீங்களா?"

"இல்லையே. நான் அந்தப் பக்கமே போகேல்லை."

"பிறகு ஆர் நிப்பாட்டினது? பேயோ?"

"எனக்கென்னடா தெரியும். நான் இண்டைக்கு ஒரு சுவிச்சும் தொடேல்லை."

"பிளாஸ்ரர் ஒட்டி வச்சும் உங்களுக்கு விளங்கேல்லையா, அம்மா? ஒரு நாளாவது கையைச் சும்மா வச்சுக்கொண்டு இருக்க மாட்டீங்களா? எல்லாத்தையும் நிப்பாட்டு, எல்லாத்தையும் நிப்பாட்டு. இந்த வீட்டில மூச்சு விடுறதை மட்டும்தான் நீங்கள் இன்னும் நிப்பாட்டேல்லை."

அவன் அம்மாவிடம் அப்படிக் கதைக்கிறவன் இல்லை. சிவக்கொழுந்து மகனைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சுபோதினி வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் திறந்திருந்தால் விஷயம் அரைமணி நேரச் சண்டையோடு முடிந்திருக்கும். திறக்கவில்லை.

தாரிகா சுவரைப் பார்த்தாள். சுவிச்சுக்கு மேல் பிளாஸ்ரர் இல்லை. குனிந்து நிலத்தைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. பிறகு அவள் பார்வை சுபோதினியின் மடிக்கு வந்து, கைப்பையின் வாரில் கொஞ்ச நேரம் நின்றது.

"அக்கா, பாக்கைத் தாங்கோ, உள்ளுக்கு வைக்கிறன்," என்றாள். வாங்கிக்கொண்டு போனாள்.

இவள் தன்னை அக்கா என்று கூப்பிடுவதே சுபோதினிக்குப் பிடிக்காது. மச்சாள் என்று கூப்பிட வேண்டியதுதானே முறை. அக்கா என்று கூப்பிட அவளுக்கு உலகத்தில் ஒருத்தன்தான்.

குசினியில் தாரிகா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுபோதினி வெங்காயம் உரிக்கிற சாட்டில் போனாள். மேசையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிளாஸ்ரர் கிடந்தது.

"உங்கட பாக்கில ஒட்டியிருந்தது," என்றாள் தாரிகா. திரும்பிப் பார்க்கவில்லை.

சுபோதினி கத்தியை எடுத்தாள். வைத்தாள். "தம்பியிட்டைச் சொல்லப்போறியா?"

"இல்லை."

"ஏன்?"

"சொன்னால் அவர் உங்களோட கோவிப்பார். கோவம் போறவரைக்கும் காலமை பின்னேரம் எண்டில்லாமல் உங்களைப் பற்றியே கதைப்பார். அதையும் நான்தான் இருந்து கேக்கவேணும்." செதில் பறந்து தொட்டிக்குள் விழுந்தது. "கட்டி வந்த நாளில இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன். அக்காவும் நானும், நானும் அக்காவும். ஹனிமூனுக்கு நுவரெலியாவுக்குப் போனம். அங்கை போயும் அக்காவும் நானும் சின்னனில நுவரெலியாவுக்கு வந்த கதைதான்."

சுபோதினிக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இனித்தது. இவ்வளவு நடந்த பிறகும் இனித்தது. இவளுக்கும் என்னில் எரிச்சல் இருக்கிறதா என்று ஒரு சந்தோஷம். மனிசப் பிறவி அப்படித்தான், நான் என்ன செய்ய.

"இந்தக் கண்டறியாத கேமை நான் ஏன் பழகினனான் எண்டு நினைக்கிறீங்கள்?" என்றாள் தாரிகா. "எனக்கு விருப்பமெண்டோ? முதல் மாதம் முழுக்க எனக்குத் தலையிடி. நீங்கள் ரெண்டு பேரும் இருக்கிற இடத்துக்குள்ள வர எனக்கு வேற வழி தெரியேல்லை."

சுபோதினி வெங்காயத்தை வெட்டினாள். கண் எரிந்தது, அதற்கு வெங்காயம் பொறுப்பெடுத்துக்கொண்டது.

"அவரிட்டைச் சொல்லமாட்டன். ஆனால் மாமியிட்டை நீங்கள் சொல்லவேணும், அக்கா. அவ ஒண்டும் செய்யேல்லை."

"சொல்லுறன்."

"அதோட இண்டைக்கு இந்தக் கேமை எப்பிடியாவது முடிக்கவேணும். முதல்ல இருந்து எண்டாலும் பரவாயில்லை."

"ஏன் இண்டைக்கு?"

தாரிகா முதல்முறையாகத் திரும்பினாள். "அவர் உங்களுக்கு ஒண்டு சொல்ல இருக்கிறார். முடிச்சாப்பிறகு சொல்லுவம் எண்டவர். அவர் வாயால வரட்டும்."

மத்தியானம் மீன் குழம்பும் சோறும் ஆயிற்று. சிவக்கொழுந்து அறையை விட்டு வரவில்லை. சுபோதினி கதவில் தட்டினாள்.

"அம்மா, சாப்பிட வாங்கோ."

"வேண்டாம்."

"வாங்கோ அம்மா, குழம்பு ஆறப்போகுது."

"நான் வந்தால் அடுப்பையும் நிப்பாட்டிப்போட்டன் எண்டுவியள். நீங்கள் சாப்பிடுங்கோ."

சுபோதினி கதவில் கையை வைத்தபடி நின்றாள். நான்தான், அம்மா. இரண்டே சொல். அது வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சாப்பாடு முடிய மிதுஷன் கசற்றைக் கழற்றி, ஊதி, திரும்பப் போட்டான். சின்ன வயதில் இது ஓடாவிட்டால் அக்காவும் தம்பியும் கசற்றுக்குத் திருநீறு பூசுவார்கள். அதில்தான் பாதிக் கசற் பழுதாய்ப் போனது.

"எனக்கு மூட் இல்லை," என்று சோபாவின் ஓரத்தில் விழுந்தான். "ரெண்டு நாள் பாடுபட்டதெல்லாம் போச்சு. நீங்கள் ரெண்டு பேரும் விளையாடுங்கோ. நான் பாக்கிறன்."

தாரிகா கறுப்பு ரேப் சுற்றிய கொன்ட்ரோலரை எடுத்தாள். எடுத்துச் சுபோதினியின் கையில் வைத்தாள். இரண்டாவதைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம். நீலனும் சிவப்பனும் படியேறினார்கள், கிணற்றுக்குள் இறங்கினார்கள், வௌவாலுக்குக் குனிந்தார்கள். தாரிகா நல்ல கெட்டிக்காரி. சுபோதினி எரிச்சலோடு பார்த்தாள், ஆனால் எரிச்சலுக்குக் கண் இருக்கிறதே, அது சரியாகத்தான் பார்த்தது. அவசரப்படுவதில்லை, பதறுவதில்லை. சிவப்பன் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றான்.

"பொறுங்கோ அக்கா. இந்த இடத்தில நீங்கள் எப்பவும் அவசரப்பட்டுப் பாய்ஞ்சு சாகுவீங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான். இப்ப பாயுங்கோ."

பாய்ந்தாள். சாகவில்லை. அக்காவின் சாவுகளையெல்லாம் தம்பி இவளுக்குக் கதையாகச் சொல்லி வைத்திருக்கிறான். ஒரு பக்கம் அது சுட்டது. மறுபக்கம், முப்பது வருடம் அதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறான் என்பதும் தெரிந்தது. எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மிதுஷன் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். மூட் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. "வலது, வலது. அக்கா, ஏணியைப் பிடி." கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரம் வந்தும் சிவக்கொழுந்தின் கதவு திறக்கவில்லை. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாலம் வந்தது.

பாலத்தின் இந்தக் கரையில் ஒரு சங்கிலி. ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் பாலம் விழாமல் நிற்கும். மற்றவர் பாலத்தில் போய் இரத்மலானை மாமாவோடு அடிபட வேண்டும். மாமா விழுகிறவரைக்கும் பித்தானிலிருந்து விரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் பாலம் உடைந்து, போனவர் நெருப்பாற்றுக்குள் போய்விடுவார். சின்ன வயதில் எப்போதும் தம்பிதான் சங்கிலியைப் பிடிப்பான், அக்காதான் போவாள். ஒவ்வொரு முறையும் மாமாவிடம் அடிவாங்கிச் செத்தாள்.

"நான் போறன்," என்றாள் சுபோதினி.

"இல்லை அக்கா," என்றாள் தாரிகா. "நீங்கள் நில்லுங்கோ. மாமாவுக்குத் தலையில அடிக்கவேணும். நீலன் அவ்வளவு உயரம் பாயமாட்டான். சிவப்பன் பாய்வான்."

"கண்டியா?" மிதுஷன் துள்ளினான். "இவ்வளவு காலமும் நாங்கள் பிழையான ஆளை அனுப்பியிருக்கிறம், அக்கா. இதைக் கண்டுபிடிச்சது தாரிதான். நீ நிக்கவேணும். அவள் போகவேணும்."

நீ நிக்கவேணும். அவள் போகவேணும்.

சுபோதினி நீலனைச் சங்கிலிக்குக் கொண்டுபோனாள். பித்தானை அழுத்திப் பிடித்தாள். சிவப்பன் பாலத்தில் காலை வைத்தான்.

அந்தச் சின்னச் சிவப்பு மனிதன் ஒவ்வொரு பலகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலை ஒரு நூலளவு எடுத்தால் போதும். கை வழுக்கிவிட்டது, வேர்த்துப்போயிற்று என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள். காலையில் சுவிச்சை நிற்பாட்டியதை அம்மாவின் தலையில் போட்டாயிற்று, இதை வேர்வையின் தலையில் போடலாம். எவ்வளவு லேசாக இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னை நினைத்தே பயம் வந்தது. இப்போது சொல்லாவிட்டால் இந்த விரல் நிச்சயமாக எழும்பிவிடும்.

"தம்பி," என்றாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அம்மா சுவிச்சைத் தொடேல்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

"என்ன?"

"காலமை வந்து நிப்பாட்டினனான். நான் இல்லாமல் முடிக்கப்போறியள் எண்டு நினைச்சன். எனக்கு எரிச்சல்."

தாரிகாவின் சிவப்பன் மாமாவின் முதல் வளையத்துக்கு மேலால் பாய்ந்தான். மிதுஷன் எழும்பினான். அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

"நான் அம்மாவை என்னவெல்லாம் சொன்னனான். நீ பக்கத்திலதானே இருந்தாய்."

"ஓம்."

"வாயைத் திறக்கேல்லை."

"ஓம்."

"நல்லது. அப்ப நானும் சொல்லிப்போடுறன். முடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லுவம் எண்டிருந்தனான்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வாற மாதம் நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போறம். தாரி வீட்டு மேல்மாடிக்கு. இந்தப் பெட்டியையும் கொண்டு போறம்."

சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டான்.

கனடா என்று சொல்லியிருந்தால் சுபோதினி தாங்கியிருப்பாள். கனடாவுக்கு எல்லோரும்தான் போகிறார்கள். அழுதுவிட்டு எயார்போர்ட்டுக்குப் போய்க் கைகாட்டியிருப்பாள். கொட்டாஞ்சேனை. ஒரு பஸ் தூரம். ஒரு பஸ் தூரத்தில், தாரிகாவின் தாய் வீட்டில், தாரிகாவின் மேல்மாடியில், அவளுடைய பெட்டியும் அவளுடைய சனிக்கிழமையும்.

பெருவிரல் பித்தானில் துடித்தது. சிவப்பன் நடுப்பாலத்தில் நின்றான். கீழே நெருப்பு ஓடியது.

"அக்கா," என்றாள் தாரிகா. அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடாதேங்கோ."

சுபோதினி விடவில்லை. கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கை இல்லை. நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தாள். சிவப்பன் பாய்ந்தான், மாமாவின் தலையில் அடித்தான். திரும்பப் பாய்ந்தான், அடித்தான். மாமா வளையம் எறிந்தார். சிவப்பன் குனிந்தான், எழும்பினான், இன்னொரு அடி.

இரத்மலானை மாமா மீசையும் வயிறுமாகப் பின்னால் சரிந்து நெருப்பாற்றுக்குள் விழுந்தார்.

கேட்டே இராத ஒரு சங்கீதம் தொடங்கியது. கோட்டைக்குப் பின்னால் வானம் மெல்ல மெல்ல மஞ்சளாகியது. நீலனும் சிவப்பனும் பாலத்தின் நடுவில் சந்தித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத ஜப்பான் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின.

"வாங்கோ," என்று தாரிகா பல்கனிப் பக்கம் கத்தினாள். "மிது, கெதியா வாங்கோ. விழுந்திட்டார்."

பல்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் மற்றக் கதவும் திறந்தது.

சிவக்கொழுந்து அறையிலிருந்து வந்தார். கோயிலுக்குப் போகிற சேலை, நெற்றியில் திருநீறு. யாரையும் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போனார். மிதுஷன் ஹோலுக்குள் ஒரு காலை வைக்கும்போது சுவிச்சில் கையை வைத்தார்.

டக்.

வானம் போயிற்று, கோட்டை போயிற்று, கையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் போனார்கள். மிதுஷன் கறுப்புத் திரையைப் பார்த்தபடி வாசலில் நின்றான்.

"இப்ப நிப்பாட்டினது நான்," என்றார் சிவக்கொழுந்து. "எல்லாரும் வடிவாப் பாத்தியள்தானே?"

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் காது கேக்கும். கொட்டாஞ்சேனை எண்டு கேட்டது. போங்கோ, நல்லது. அங்கை மேல்மாடியில எனக்கும் ஒரு அறை இருக்கா, இல்லை நான் இஞ்சை தனியா இருந்து சுவிச்சுகளை நிப்பாட்டுறதா?" மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். "இல்லை, நுகேகொடைக்கோ? மூண்டு பேரும் மூண்டு பக்கத்தால முடிவெடுக்கிறியள். என்னட்டை ஒருதரும் கேக்கேல்லை."

மிதுஷன் தாரிகாவைப் பார்த்தான். தாரிகா நிலத்தைப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிக் கதைத்திருக்கவே இல்லை என்பது சுபோதினிக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. கொட்டாஞ்சேனை என்று கேட்டபோது தானும் அம்மாவை நினைக்கவில்லை என்பதும் விளங்கியது.

சிவக்கொழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து படியிறங்கினார். கீழே மரியகொறற்றி ஏதோ கேட்பதும், அவர் பதில் சொல்லாமல் போவதும் கேட்டது.

"அம்மாவுக்குப் பின்னால ஆராவது போகவேணும்," என்றான் மிதுஷன். ஆனால் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

சுபோதினி எழும்ப நினைத்தாள். எழும்ப முடியவில்லை. இருண்ட ரீவிக்கு முன்னால், தகப்பன் ரேப் சுற்றிக் கொடுத்த அந்தக் கொன்ட்ரோலரில், அவளுடைய பெருவிரல் இன்னும் பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.